அதிவேக ரயில் விமானத்தை வெல்லுமா? காரைக்குடியில் இருந்து ஒரு கணக்கு

தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "ஊருக்கு ஊர் அதிவேக ரயில் வந்துவிட்டால் விமானத்தோடு போட்டி போட முடியுமா சார்? நம்ம செட்டிநாட்டுக்கு எதைக் கேட்கலாம்? பழைய ஓடுதளத்தைச் சீர்செய்து விமான நிலையமா, புல்லட் ரயிலா?"

ரயில்வேயில் வண்டி இயக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு என் பதில், முடியும். சில ஊர்களுக்கு நடுவில் விமானத்தை அடியோடு விரட்டவும் செய்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு என் பதில், இரண்டையும் கேட்க வேண்டாம். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும், தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 300, மணிக்கு 800 என்று வேகத்தை வைத்துப் பேச ஆரம்பித்தாலே கணக்கு தப்பிவிடும். வீட்டு வாசலில் செருப்பு போட்ட நேரத்தில் இருந்து, போன இடத்தில் செருப்பைக் கழற்றும் நேரம் வரை எவ்வளவு ஆகிறது என்பதுதான் கணக்கு. காரைக்குடி செக்காலையில் ஒரு வீடு, சேரவேண்டியது சென்னை தி.நகர் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் போவதென்றால் முதலில் திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குக் கார். சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விசிறி வைத்த சின்ன விமானம் என்றால் பறப்பது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கி, பஸ்ஸில் ஏறி, பெட்டி வந்து, வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்தில் இருந்து தி.நகருக்கு முக்கால் மணி. கூட்டினால் ஆறு மணி நேரத்தைத் தொடுகிறது. அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி சொச்சம்தான்.

இதே வீட்டில் இருந்து விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால், ஸ்டேஷனுக்கு ஆட்டோ கால் மணி. சென்னை வரை சுமார் 425 கிலோமீட்டர். ஏழு மணி நேரத்துக்கு ஒட்டி ஓடுகிறது. ஆனால் வண்டி மாம்பலத்தில் நிற்கிறது. இறங்கினால் தி.நகர்! ஆக, விமானத்துக்கும் இன்றைய பல்லவனுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கட்டணத்தில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம். அதிவேக ரயில் என்று பெயர் வாங்காத, சராசரியாக மணிக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற ஒரு வண்டி விமானத்தை இவ்வளவு நெருங்குகிறது என்றால், அதன் வேகத்தை ஒன்றரை மடங்காக்கினாலே என்ன ஆகும் என்று பாருங்கள்.

இங்கே இன்னொரு போட்டியாளர் இருக்கிறார். வெளிநாட்டு ஆய்வுகளில் இவர் பெயர் அதிகம் அடிபடாது. அவர் ராத்திரி. நம் ஊர்க்காரர் சென்னைக்குக் கிளம்பும் நேரம் சாப்பாடு முடிந்து ஒன்பது, பத்து மணி. ஆம்னி பஸ்ஸிலோ சேது எக்ஸ்பிரஸிலோ ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸிலோ படுத்தால் விடியும்போது சென்னை. எட்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் பகலில் ஒரு மணி நேரம்கூடச் செலவாகவில்லை. விமானமும் புல்லட் ரயிலும் பகலைத்தான் மிச்சப்படுத்த முடியும். பகலே செலவாகாத ஒருவருக்கு எதை விற்பது? 400-இல் இருந்து 600 கிலோமீட்டர் வரை தமிழ்நாட்டில் உண்மையான ராஜா படுக்கை வண்டிதான். புல்லட் ரயில் வந்தால் விமானத்தில் இருந்து எத்தனை பேர் இறங்கி வருவார்கள் என்று மட்டும் கணக்குப் போடுகிறவர்கள், ஆம்னி பஸ்ஸில் இருந்து எத்தனை பேர் வரவே மாட்டார்கள் என்பதையும் போட வேண்டும்.

ஆனால் ராஜாவுக்கும் ஒரு அடி விழுந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதிலாக அங்கே போய் நிற்க ஆரம்பித்தன. வண்டலூரில் இறங்கி நகருக்குள் போக இன்னொரு பயணம். பஸ்ஸின் வேகம் குறையவில்லை, சாலை மோசமாகவில்லை, முனையம் மட்டும் நகர்ந்தது. அதற்கே எத்தனை பேர் ரயில் டிக்கெட் தேட ஆரம்பித்தார்கள் என்பது முன்பதிவு திறக்கும் நாளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போனால் அங்கே நடந்தது நன்றாகப் புரியும்.

1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவில் இருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 515 கிலோமீட்டர்; ஆரம்பத்தில் நாலு மணி நேரம், இன்றைக்கு வேகமான வண்டி இரண்டரை மணிக்கும் குறைவு. (அதே 1964 டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. சென்னையில் இருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று நம்மவர்கள் இலங்கைக்குப் போன போட் மெயில் பாதை அதோடு அறுந்தது. அவர்களுக்கு ஒரு பாதை பிறந்த ஆண்டில் நமக்கு ஒன்று போனது.) டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ரயில், விமானம் இரண்டில் போகிறவர்களை மட்டும் எடுத்தால் மிகப் பெரும்பாலானோர் இன்றும் ரயிலில்தான் போகிறார்கள்.

அதே தடம் மேற்கே நீள்கிறது. அங்கே இருக்கும் இரண்டு ஊர்களைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். ஹிரோஷிமாவுக்கு டோக்கியோவில் இருந்து நாலு மணி நேரம் அளவில் ஆகிறது. ஃபுகுவோகாவின் ஹகாட்டா ஸ்டேஷனுக்கு சுமார் ஐந்து மணி நேரம். ஒரே தண்டவாளம், ஒரே வண்டி, ஒரு மணி நேரம்தான் கூடுதல். ஆனால் ஹிரோஷிமாவில் ரயிலுக்குத்தான் கூட்டம். ஃபுகுவோகாவில் விமானம் அடித்துக்கொண்டு போகிறது. நாலு மணி நேரத்தைத் தாண்டினால் ஆள் விமானத்துக்குப் போய்விடுவான் என்று ஜப்பான் ரயில்வேக்காரர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி, விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஹிரோஷிமாவின் விமான நிலையத்தை 1993-இல் ஊரைவிட்டு வெகு தூரம் மலைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். நகருக்குள் வரவே ஒரு மணி நேரம் போகும். ஃபுகுவோகா விமான நிலையமோ ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுரங்க ரயிலில் ஏறினால் ஹகாட்டா ஐந்தே நிமிடம். கிளாம்பாக்கம் கதைதான், வேறு நாட்டில்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கும் இடையே ஒரு காலத்தில் உலகிலேயே அதிக விமானங்கள் பறந்த தடங்களில் ஒன்று இருந்தது. 2008 பிப்ரவரியில் 621 கிலோமீட்டர் அதிவேகப் பாதை முழுதாகத் திறந்தது. இரண்டரை மணி நேரத்தில் ஊர் நடுவில் இருந்து ஊர் நடுவுக்கு. இப்போது அந்தத் தடத்தில் ரயில், விமானப் பயணிகளில் ஐந்தில் நாலு பேர் ரயிலில் போகிறார்கள். பின்னால் போட்டி நிறுவனங்களும் அதே தண்டவாளத்தில் வண்டி விட்டதில் கட்டணமும் இறங்கியது. தைவானில் 2007-இல் தைப்பே, காவ்சியுங் இடையே 350 கிலோமீட்டர் பாதை வந்தது. 2012-இல் அந்த ஊர்களுக்கு இடையே விமானமே நின்றுபோனது. பிரான்ஸ் 2023-இல் ஒரு படி மேலே போய், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்துக்குத் தடையே போட்டது. நிறைய விளம்பரம் கிடைத்தது, ஆனால் பாரிஸின் ஓர்லி நிலையத்தில் இருந்து லியோன், நான்ட், போர்தோ என்று மூன்று தடங்கள்தான் அதில் சிக்கின. லியோனுக்கு 1981-லேயே டிஜிவி என்கிற பிரான்சின் அதிவேக ரயில் ஓட ஆரம்பித்து விமானத்தை இளைக்க வைத்தாயிற்று. சட்டம் வந்து செய்தது கொஞ்சம்தான்.

சீனா வேறு ரகம். பெய்ஜிங்கில் இருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். 2011-இல் திறந்த பாதையில் இப்போது மணிக்கு 350 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். வேகமான வண்டி நாலே கால் மணி நேரம் அளவில் போய்விடுகிறது. ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம் என்கிற அளவுக்குக் கூட்டம். ஆனாலும் விமானங்கள் ஓய்ந்துவிடவில்லை, வரிசை வரிசையாகப் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. தூரம் ஆயிரத்தைத் தாண்டினால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மறுபக்கம், 150, 200 கிலோமீட்டருக்குள் என்றால் காரும் பஸ்ஸும் அதிவேக ரயிலைத் தின்றுவிடும். ரயில் உண்மையாகவே கோலோச்சுவது 300-இல் இருந்து 700, 800 கிலோமீட்டர் வரை. தமிழ்நாட்டு வரைபடத்தில் சென்னையை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் திருச்சி, மதுரை, கோவை, நெல்லை, பெங்களூரு எல்லாமே இந்த வட்டத்துக்குள் விழும். அதனால்தான் தம்பி கேட்ட கேள்வி வெறும் கனவு இல்லை.

ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே போய்விட்டால் இந்த மொத்த லாபமும் காற்றில் போகும். பிரான்சின் வடக்கே ஒரு டிஜிவி ஸ்டேஷனை இரண்டு ஊருக்கும் பொதுவாக வைக்கிறேன் என்று வயல் நடுவில் கட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு 'பீட்ரூட் ஸ்டேஷன்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நமக்கு இது புதிதா என்ன? தேவகோட்டைக்காரர்களைக் கேளுங்கள். ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். புல்லட் ரயில் பாதைக்கு வளைவுகள் பல கிலோமீட்டர் ஆரம் கொண்டவையாக இருக்க வேண்டும். நெருக்கமான ஊருக்குள் அப்படி வளைக்க இடம் கிடைக்காது. நிலம் எடுக்கும் செலவுக்குப் பயந்து ஸ்டேஷனைப் புறவழிச்சாலைக்குத் தள்ளுவார்கள். 'புதுக்கோட்டை ரோடு', 'திருச்சி ரோடு' என்று ஸ்டேஷன்கள் முளைத்தால் அன்றைக்கே விமானம் மூச்சுவிட ஆரம்பித்துவிடும்.

விமானத்துக்கு உள்ள பெரிய பலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசியில் ஒரு ஓடுதளம், அந்தக் கடைசியில் ஒரு ஓடுதளம். நடுவில் கடல் இருந்தாலும் கவலை இல்லை. தென்கொரியாவில் 2004-இல் இருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஓடுகிறது, ஆனாலும் உலகிலேயே மிக நெரிசலான விமானத் தடங்களில் முதலிடத்தில் வருவது சியோலில் இருந்து ஜேஜூ தீவுக்குப் போகும் தடம். தீவுக்குத் தண்டவாளம் இல்லையே! செட்டிநாட்டுக்கு இது நேராகப் பொருந்துகிற விஷயம். பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்கள் இவை. இன்றும் திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று பறக்கிற விமானங்களில் நம் பக்கத்து ஆள் இல்லாத வண்டி இருக்காது. எந்த ரயிலும் இந்தத் தடங்களில் போட்டிக்கு வரப்போவதில்லை.

அடுத்தது, பேசும்போது எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம்: எத்தனை வண்டி? ஒரு நாளைக்கு இரண்டு விமானம் என்றால், காலை வண்டியைத் தவறவிட்டவருக்கு அந்த நாள் போச்சு. ஷின்கான்செனின் பலமே வேகத்தைவிட, சில நிமிடங்களுக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருப்பதுதான். நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டாம். கிளம்பின நேரத்துக்கு வண்டி இருக்கும். 16 பெட்டி வண்டியில் 1,323 இருக்கை. நம் 16 பெட்டி வந்தே பாரத்தில் 1,128. திருச்சிக்கு வந்துபோகிற சின்ன விமானத்தில் 78. ஒரு வந்தே பாரத்தை நிரப்ப அப்படிப்பட்ட விமானம் பதினைந்து வேண்டும். இது ரயிலின் பலம், அதுவே பலவீனமும்கூட. இத்தனை பெரிய பாத்திரத்தை நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை நிரப்ப ஆள் இருந்தால்தான் அதிவேகப் பாதை பிழைக்கும்.

செட்டிநாட்டில் நாள் முழுக்க ஆள் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, உரியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். படைப்பு, கல்யாணம், சாந்தி, பிள்ளையார் நோன்பு என்றால் கதவு திறக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்புவார்கள். முகூர்த்த நாளில் ஸ்டேஷனில் நிற்க இடம் இருக்காது, புதன்கிழமை மத்தியானம் நாய் படுத்திருக்கும். அலை மாதிரி வருகிற இந்தக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் வண்டியும் கூடுதல் பெட்டியும்தான் மருந்து. 300 கிலோமீட்டர் வேகம் அல்ல.

காசுக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஒரே புல்லட் ரயில் பாதை மும்பை, ஆமதாபாத் இடையே 508 கிலோமீட்டர். 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அனுமதித்தபோது சொன்ன மதிப்பீடே சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். அந்தச் செலவில் பெரும்பங்கை ஜப்பான் 0.1 சதவீத வட்டியில் 50 ஆண்டுத் தவணைக் கடனாகக் கொடுத்ததால்தான் கை வைக்க முடிந்தது. அதே விலையைச் சென்னை, திருச்சி இடையே சுமார் 320 கிலோமீட்டருக்குப் போட்டால் 64,000 கோடியைத் தாண்டும், அதுவும் பழைய விலையில். சென்னையில் இருந்து பெங்களூருக்கு என்றால் நான் எதிர்க்க மாட்டேன். 350 கிலோமீட்டர் அளவு, இரண்டு பக்கமும் கோடிப் பேர் வாழும் நகரங்கள், நாள் முழுக்கப் போக்குவரத்து, போதாததற்கு பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் ஊரைவிட்டு 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. புல்லட் ரயிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தடம் அது. அங்கே ஒரு பாதை ஓடினால் விமானங்கள் தைப்பே மாதிரி மெலிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருச்சிக்கும் காரைக்குடிக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன், இதில்தான் என் முழுக் கருத்தும் இருக்கிறது. காரைக்குடி, சென்னை 425 கிலோமீட்டர். இன்றைய சராசரி மணிக்கு 62 என்று வைத்தால் ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சராசரியை 85 ஆக்கினால் ஐந்து மணி நேரம். 105 ஆக்கினால் நாலு மணி நேரம். புல்லட் ரயில் போட்டுச் சராசரி 200 ஆக்கினால் இரண்டு மணி ஏழு, எட்டு நிமிடம். கவனியுங்கள்: 62-இல் இருந்து 105-க்குப் போனதில் இரண்டே முக்கால் மணி நேரம் மிச்சம். 105-இல் இருந்து 200-க்குப் போனதில் இரண்டு மணி நேரம்கூட மிச்சம் இல்லை. முதல் பாதிக்கு இருக்கிற பாதையைத் திருத்தினால் போதும். இரண்டாம் பாதிக்குப் புதுப் பாதையே போட வேண்டும். மின்சாரமும் அப்படித்தான்: வேகம் இரண்டு மடங்கானால் காற்று தடுக்கும் விசை நாலு மடங்காகும். நாலு மணி நேரத்தில் மாம்பலத்தில் இறக்கிவிடுகிற ரயில் இருந்தால், ஆறு மணி நேர விமானத்தைத் திரும்பிப் பார்க்க எவருக்கும் வேலை இல்லை. புல்லட் வராமலே போட்டி முடிந்துவிடும்.

சராசரி 105 என்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சென்னை, கோவை வந்தே பாரத் 495 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் ஓடுகிறது. சராசரி 85 அளவு. அந்த வண்டி 160 போக அனுமதி உள்ள ரகம், ஆனால் தண்டவாளம் விடுவதில்லை. நம் பக்கம் விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகிற கார்டு லைன் என்கிற குறுக்குவழித் தடம் இரட்டைப் பாதை, நேரானது, நன்றாக ஓடலாம். சங்கடம் திருச்சிக்குத் தெற்கே. திருச்சியில் இருந்து காரைக்குடிக்கு 89 கிலோமீட்டர், சிங்கிள் லைன். எதிர்வண்டிக்காகக் கிராஸிங்கில் நின்றால் கால் மணி போகும்; ஒரு வண்டி தாமதமானால் எதிரே வருகிற எல்லாம் வரிசையாகத் தாமதம். லெவல் கிராஸிங் கேட்கள், ஸ்டேஷன் யார்டுக்குள் நுழையும்போது வேகக் கட்டுப்பாடு, பாலத்து மேல் காஷன் (மெதுவாகப் போகச் சொல்லும் உத்தரவு) என்று ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் தின்னும். பயண நேரம் கூடுவது வண்டி மெதுவாக ஓடுவதால் அல்ல, வண்டி நின்று கிளம்புவதால். எந்த செக்‌ஷன் கன்ட்ரோலரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இதைச் சரிசெய்ய அடிக்கல் விழா வைக்க முடியாது என்பதால் இது யாருக்கும் பிடிப்பதில்லை.

விமான நிலையக் கோரிக்கைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் இருக்கிறது என்பதால் அந்த ஆசை அவ்வப்போது தலைதூக்கும். நம் ஊருக்கு விமானம் அந்நியமும் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், ஜூப்பிட்டர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமே நடத்தியவர். ஆனால் அவர் காலத்துக் கணக்கு வேறு. திருச்சி ஒரு பக்கம், மதுரை மறுபக்கம், இரண்டும் சுமார் 90 கிலோமீட்டர். நடுவில் மூன்றாவதாக ஒன்றைத் திறந்தால் மானியம் இருக்கிறவரை சின்ன விமானம் வரும். சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு மானியம் தரும் உடான் திட்டத்தில் ஆரம்பித்த தடங்களில் பல, மூன்றாண்டு மானியக் காலத்தைக்கூடத் தாண்டவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் சொல்லியிருக்கிறார். சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2018-இல் விமானம் வந்தது, நின்றது, மறுபடி 2023 அக்டோபரில்தான் வந்தது. சேலத்துக்கே இந்த நிலை என்றால் செட்டிநாட்டு ஓடுதளத்தில் தினம் இரண்டு விமானத்தை யார் நிரப்புவது?

எனக்குத் தெரிந்த நல்ல வழி, ரயிலையும் விமானத்தையும் சண்டை மூட்டாமல் முடிச்சுப் போடுவது. ஃபிராங்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே அதிவேக ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. பாரிஸ் சார்ல் டிகோல் நிலையத்தில் 1994-இல் இருந்து டிஜிவி நிற்கிறது. விமானத்தில் வந்து இறங்கியவர் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் ரயில் ஏறுகிறார். அதன் பிறகு பக்கத்து ஊருக்குச் சின்ன விமானம் விடும் வேலை விமான நிறுவனத்துக்கே இல்லாமல் போகிறது. திருச்சியில் 2024-இல் பெரிய புது முனையம் திறந்தார்கள். திருச்சியில் இருந்து கீரனூர், புதுக்கோட்டை வழியாக நமக்கு வருகிற ரயில் பாதை அந்த விமான நிலையத்துக்கு வெகு தூரத்தில் போகவில்லை. ஒரு நிறுத்தம், அங்கிருந்து முனையத்துக்கு ஒரு பஸ், சிங்கப்பூர் விமானம் இறங்குகிற நேரத்துக்குக் காரைக்குடி பக்கம் ஒரு மெமு (குறுந்தூர மின்சார ரயில்). இவ்வளவுதான் செலவு. இன்றைக்கு அந்தப் பயணிகள் எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு வாடகைக் காரில் புதுக்கோட்டை ரோட்டில் தூக்கக் கலக்க டிரைவரை நம்பி வருகிறார்கள்.

சாமான் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ. சென்னையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிற ஆச்சி மணகோலம், சீப்புச் சீடை, முறுக்கு என்று மூன்று டின் கட்டினாலே அந்தக் கணக்கு முடிந்தது. ஊறுகாயைக் கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல்லவனில் எவரும் தராசு வைப்பதில்லை. சிரிப்பாகத் தோன்றினாலும் எந்த வண்டியில் போவது என்று குடும்பங்கள் முடிவெடுக்கும் இடத்தில் இது பலமான காரணம். புகை, கரி விஷயத்தில் ரயில் பக்கம்தான் தராசு சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டோக்கியோ, ஒசாகா தடத்தில் ஒரு இருக்கைக்கு விமானம் விடும் கரியமில வாயுவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஷின்கான்சென் விடுகிறது என்று அந்த ரயில் நிறுவனமே கணக்குக் காட்டுகிறது. நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள நம் நாட்டில் அந்த இடைவெளி குறையும், ஆனால் பக்கம் மாறாது.

கடைசியாக, தம்பி தன் அண்ணன் பெங்களூரில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்ததால் அதற்கு ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்ட் கடைசியில் இருந்து மதுரை, பெங்களூரு வந்தே பாரத் திண்டுக்கல், திருச்சி, கரூர், நாமக்கல், சேலம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. எட்டு மணி நேரம் அளவு, அதுவும் காரைக்குடியில் இருந்து திருச்சிக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். பகல் முழுக்கப் போய்விடும். மதுரையில் இருந்தோ திருச்சியில் இருந்தோ விமானம் என்றால், இந்தப் பக்கம் இரண்டு மணி, அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருந்து ஒன்றரை மணி என்று போனாலும் ஆறரை, ஏழு மணிக்குள் முடிகிறது. ஆக, பெங்களூருக்கு அவசரமாகப் பகலில் போக வேண்டும் என்றால் இன்றைய நிலையில் விமானம்தான். அவசரம் இல்லை என்றால் அண்ணன் இப்போது வருகிற அதே ராத்திரி பஸ்ஸிலேயே வரட்டும். சேலம் வழியில் பாதையை நேராக்கி, மலைப்பக்கத்து வளைவுகளில் வேகத்தைக் கூட்டினால் ரயில் இந்தப் பந்தயத்துக்குள் வரலாம். அதுவரை அந்தத் தடத்தில் விமானத்தோடு ரயில் போட்டி போடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.